முதல் வாசிப்பின் தடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் செண்பகவல்லி மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, கழுத்தில் துணி வளையத்தை மாட்டிக்கொண்டு, தான் எழுதிய பக்கத்தைத் தானே படிக்க உட்கார்ந்தாள். படித்து முடித்தாள். பட்டை ஓர் இடத்தில்கூட இறுகவில்லை. கழுத்து வளையம் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. ஏதாவது பழுதோ என்று கழற்றி, உதறி, மறுபடி கட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். பட்டையில் பழுதில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு மனிதர் அவளுடைய ஆயுசிலேயே முக்கியமான பக்கத்தைப் படித்திருக்கிறார். படித்தபோது அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால்தான் அவளுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பது விளங்கும்.

மனதுக்குள் படிக்கும்போது நாம் சத்தமில்லாமல் படிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நம் தொண்டை அப்படி நினைப்பதில்லை. கண் பார்க்கும் சொற்களைப் பேசப் போவதுபோலவே தொண்டைத் தசைகள் மிக லேசாக அசைந்துகொண்டிருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தோலின் மேல் ஒட்டிய ஒரு சின்ன வில்லைக்குத் தெரியும். கூடவே ஒரு மூக்குக்கண்ணாடி, கண் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வரும். மணிக்கட்டுப் பட்டை நாடியையும் வியர்வையையும் பார்த்துக்கொள்ளும். வாசிப்பவர் எங்கே மூச்சை நிறுத்தினார், எங்கே தொண்டை அடைத்தது, எங்கே அலுத்துப்போய்க் கண் வழுக்கியது, எல்லாம் பதிவாகிவிடும். அதற்குத் தடம் என்று பெயர்.

எழுதியவர் தன்னுடைய பட்டையைக் கட்டிக்கொண்டு அதே பக்கத்தைப் படித்தால் அந்தத் தடம் அவர் உடம்பில் திரும்ப நடக்கும். வாசகரின் நாடி துள்ளிய சொல்லில் இவருடைய மணிக்கட்டு இறுகும். வாசகருக்குத் தொண்டை அடைத்த வரியில் இவர் கழுத்தில் வளையம் மெல்ல அழுத்தும். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்ற வாய்வார்த்தைக்கு இங்கே வேலையே இல்லை.

ஏன் இப்படி ஒன்று தேவைப்பட்டது என்று கேட்டால், காலம் அப்படி. கதை வேண்டும் என்று கேட்டவுடன் கேட்டவரின் மனதை அளந்து தைத்த சட்டைபோல ஒரு கதையை இயந்திரம் கையில் கொடுத்துவிடுகிறது. அவரவருக்கு அவரவர் கதை. அடுத்தவர் எழுதியதைப் படிக்க வேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் எழுத வேண்டும் என்ற அரிப்பு சிலருக்குப் போகவில்லை. அவர்களுக்குத் தட்டுப்பாடு எல்லாம் வாசகர்தான். அதனால்தான் 'முதல் வாசகர்' என்ற சேவை வந்தது. எழுதுகிறவர் ஒருவருக்கு வாசிக்கிறவர் ஒருவர். அவரே வழிகாட்டியும். வாரம் ஒருமுறை போனில் பேசி, எழுத்தைத் திருத்தச் சொல்லித்தருவார். ஓர் உடம்பின் தடம் இன்னோர் உடம்பில் சரியாகப் பொருந்தப் பல வாரம் பிடிக்கும் என்பதால் ஒரே சமயத்தில் இரண்டு பேரை வைத்துக்கொள்ள முடியாது.

சேவையில் கறாரான விதி ஒன்றுதான். தடத்தை முதல் வாசிப்பில் எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை ஒரு மனிதர் முதல்முறையாக ஒரே ஒரு முறைதான் படிக்க முடியும்.

செண்பகவல்லிக்கு வாய்த்த வாசகர் பெயர் பிரிட்டோ. முதல் நாள் போனில் அவர் சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறது.

"வணக்கம் மேடம். உங்க வாசகர் வட்டம் பேசுறேன். மொத்தமே நான் ஒருத்தன்தான், கூட்டம் சேராது."

வீட்டுக்குள் தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கே திடுக்கென்றது. பாளையங்கோட்டையில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடி. கணவர் நயினார் போன பிறகு அங்கே குக்கர்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்கன்னு போட்டிருக்கு. அப்ப இந்தத் தொண்டை வில்லையைப் பத்தி நான் விளக்கவே வேண்டாம்."

"எங்க ஆஸ்பத்திரியிலயும் அதே வில்லைதான் சார். பேச்சு போனவங்களுக்கு ஒட்டுவோம்."

"எனக்குப் பேச்சு போகல. வாயை மூடிக்கிட்டுப் பார்க்கிற வேலை, அவ்வளவுதான்."

பின்னால் கல்லை இடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னவென்று கேட்டாள்.

"பக்கத்துல ஐஸ் ஆலை. மீனுக்கு ஐஸ் உடைக்கிறாங்க. உங்க கதையில எங்கயாச்சும் என் நாடி எகிறியிருந்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டுக்குங்க. ஐஸ் பார் விழுந்த சத்தமா இருக்கும்."

ஒருவரின் குரலை வைத்து வயதைச் சொல்வது அவள் தொழில். முப்பத்தைந்துக்கு மேல் போகாது என்று கணித்தாள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் எழுத்து விஷயத்தில் அந்தச் சின்னவர் கண்டிப்பானவர். அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது: வெட்டியதை வைத்துக்கொள்ளக் கூடாது.

"அழிச்சிடுங்க மேடம். பத்திரமா ஓர் ஓரத்துல வெச்சிங்கன்னா நாளைக்கு மனசு கேக்காது, திரும்ப எடுத்து ஒட்டுவீங்க. ஒட்டுப்போட்ட எடம் தடத்துல பளிச்சுன்னு தெரியும்."

புதுப் பிரதி போனவுடன் பழைய பிரதி சேவையிலிருந்தும் அழிந்துவிடும். தடங்கள் மட்டும் தங்கும். அவளும் சொன்னபடியே செய்தாள். பேருந்து நிலையத்தைப் பற்றி எழுதினாள், தன் முதல் சம்பளத்தில் வாங்கிய மின்விசிறியைப் பற்றி எழுதினாள், வெட்டினாள், அழித்தாள். பட்டை அங்கங்கே இறுகியது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து "இங்கே" என்று சொல்வதுபோல இருந்தது. கையை யாரும் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கடைசியில் தைரியம் வந்து அந்தப் பக்கத்தை எழுதினாள்.

அவள் கணவர் ஆறுமுகநயினாருக்கு மூளையில் ரத்தம் கட்டிப் பேச்சு போனது. அப்படிப் பேச்சு போகிறவர்களில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும். ஏன் அந்தச் சொல் என்று யாருக்கும் தெரியாது. சிலருக்குத் திட்டு, சிலருக்கு ஒரு பெயர். நயினாருக்கு மிஞ்சியது "சரி". பசித்தாலும் சரி. கால் வலித்தாலும் சரி. ஆனால் ராகம் போகவில்லை. சொல் இருக்கும் இடம் வேறு, ராகம் இருக்கும் இடம் வேறு; அவருக்கு ஒன்று உடைந்து மற்றது தப்பியிருந்தது. காபியில் சீனி குறைந்தால் ஒரு சரி. மழை வருகிறது, ஜன்னலை மூடு என்பதற்கு ஒரு சரி. செண்பகவல்லி அத்தனையையும் கற்றுக்கொண்டாள். ஒரே சொல் உள்ள பாஷை. பேச ஒருவர், புரிந்துகொள்ள ஒருத்தி.

தினமும் சாயங்காலம் படச் சீட்டுகளை வைத்துப் பயிற்சி. பூட்டு, குடை, எருமை. எதைக் காட்டினாலும் சரி என்பார். ஒரு சாயங்காலம் சீட்டுகளை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார். "இன்னைக்குப் போதும்" என்றாள் அவள். "சரி" என்றார் அவர். அது அவளுக்குத் தெரியாத சரி. அதுவரை கேட்டறியாத ராகம். சலிப்பா, நிம்மதியா, விடைபெறுவதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள். மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை.

இதுதான் அந்தப் பக்கம். அந்தச் சரியைக் கேட்ட காது உலகத்தில் அவளுடையது மட்டும்தான். அது அவளோடு போய்விடக் கூடாது. இன்னும் ஒரே ஒரு ஆளாவது அதைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அவள் பிரிட்டோவிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்ததே அதற்குத்தான். அந்தப் பக்கத்துக்குத்தான் பட்டை அசையாமல் கிடந்தது.

அந்த வாரப் பேச்சில் அவள் நேராகவே கேட்டாள்.

"அந்தப் பக்கம் எப்படி இருந்துச்சு சார்?"

"நல்லா இருந்துச்சு மேடம்." கொஞ்சம் பொறுத்து, "தொடாதீங்க. அப்படியே விட்டுடுங்க" என்றார்.

"தடம் தட்டையா வந்திருக்கே."

"அது... சில சமயம் அப்படி வரும். உடம்பு எல்லாத்தையும் சொல்லாது."

"நீங்கதான சார் சொல்வீங்க, வாய் பொய் சொல்லும், நாடி சொல்லாதுன்னு?"

"பார்த்துக்கலாம் மேடம்" என்று வைத்துவிட்டார்.

பாவம், மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். அன்றே முதல் பிரதியை அழித்துவிட்டுத் திருத்தத் தொடங்கினாள். சீட்டுகளை வெட்டினாள், எருமை போயிற்று. தடம் தட்டை. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சேர்த்தாள். தட்டை. ஒரு வாரம் வெளியே ஆம்புலன்ஸ் ஒன்றைக் கத்தவிட்டாள். பட்டை லேசாக இறுகியது! அவளுக்கு ஆசை பற்றிக்கொண்டது. எந்த இடத்தில் இந்த மனிதரின் நாடி துள்ளும் என்று பழைய தடங்களையெல்லாம் புரட்டித் தெரிந்துகொண்டாள். குழந்தையின் காய்ச்சலுக்குத் துள்ளும். கடலுக்குத் துள்ளும். நயினாருக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் வேட்டி நனையும் என்று குற்றாலத்தில்கூடத் தள்ளியே நிற்பவர். ஆனாலும் ஒரு பிரதியில் அவரைத் திருச்செந்தூர்க் கரையில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. அப்போது அது அவளுக்கு வெறும் தமாஷ்.

சுடலைமுத்து என்று ஒரு நோயாளி. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு திரும்பிவிட்டது, எழுத்துதான் பிடிபடவில்லை. அவருக்கு உற்சாகம் வரட்டும் என்று தென்காசி வழித்தடத்து ஊர்ப் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். தொண்டையில் வில்லை, மூக்கில் கண்ணாடி. மனுஷன் கடகடவென்று வாசித்தார்.

"பேட்டை, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி எறங்கு! எப்படிம்மா?"

"அண்ணாச்சி, நீங்க வாசிக்கலை."

"பொறவு? ஊரெல்லாம் கேக்க வாசிச்சேன்லா?"

"திரையைப் பாருங்க. இது உங்க கண்ணு, இது உங்க தொண்டை. புதுசா வாசிக்கும்போது கண்ணு முன்னால போவும். கண்ணு பார்த்ததைத் தொண்டை பின்னாலயே வந்து சொல்லும். உங்களுக்குத் தொண்டை பாவூர்சத்திரம் போயிட்டு, கண்ணு இன்னும் பேட்டையிலயே நிக்கி. மனப்பாடமாத் தெரிஞ்சதைச் சொன்னாத்தான் தொண்டை கண்ணை முந்தும்."

சுடலைமுத்து திரையைக் கொஞ்ச நேரம் முறைத்தார். "டிக்கெட் செக்கர்கூட இப்படிப் பிடிச்சதில்லம்மா" என்றார். வரவேற்பில் இருந்த பேச்சியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அதே சூட்டில் செண்பகவல்லியின் மணிக்கட்டைக் காட்டி, "மேடம் மட்டும் என்னவாம்? எந்நேரமும் கையில வாரைக் கட்டிக்கிட்டு! அது என்ன, சர்க்கரை பாக்குத வாட்சா?" என்று கேட்டாள்.

"எனக்குக் கதை எழுத வருதான்னு பாக்குத வாட்சு."

"வருதா?"

"இன்னும் காட்டலை."

அந்த வாரம்தான் அவள் அதைச் செய்தாள். கடைசிப் பத்தியில் நயினாரைப் பேசவைத்தாள். சீட்டுகள் இல்லை, சரி இல்லை. அவர் அவளைப் பார்த்துத் திருத்தமாக, "செண்பகம், நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறார். எழுதும்போதே அவளுக்கு வாயில் ஏதோ கசந்தது. அனுப்பிவிட்டாள்.

தடம் வந்தது. கட்டிக்கொண்டு படித்தாள். "செண்பகம்" என்ற சொல்லிலேயே பட்டை வெடுக்கென்று இறுகியது. "சாப்பிட்டியா"வில் கழுத்து வளையம் மூச்சுமுட்ட அழுத்தியது. இத்தனை மாதங்களில் இப்படி ஒரு தடம் வந்ததே இல்லை. அவள் எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தாள். சொல்ல ஆளில்லாமல் நயினாரின் படத்திடம் போய் நின்றாள். படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அது ஏன் என்று யோசிக்காமல் போனை எடுத்தாள். வாராந்திரப் பேச்சுக்கு இன்னும் நாளிருந்தது.

"சார், கடைசியில பிடிச்சிட்டேன்லா! தடம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"உங்களுக்குத் தொண்டை அடைச்சிருக்கு."

"அடைக்காம? யாரு மேடம் அவரைப் பேசச் சொன்னது?" அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. "அவரு பேசவே இல்லையே! அது கோவம் மேடம். அதைத்தான் உங்க பட்டை துக்கம்னு காட்டுது. ரெண்டுக்கும் தொண்டையில ஒரே எடம்தான் அடைக்கும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களே மேடம். 'எருமைப் படம் மேலே கிடந்தது. வேறு யாரும் இல்லாததால் எருமை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.' அந்த எருமை என்ன பாவம் பண்ணுச்சு?"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டதுபோல நிறுத்தினார். ஐஸ் பார் ஒன்று உடைந்தது. "மன்னிச்சுக்குங்க. அப்புறம் பேசுறேன்" என்று துண்டித்துவிட்டார்.

செண்பகவல்லி போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். திட்டு அவள் மனதில் பதியவே இல்லை. வேறொன்று உறுத்தியது.

மனிதர்கள் படித்ததை எப்படி நினைவில் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சங்கதி நிற்கும், சொற்கள் உதிர்ந்துவிடும். "ஏதோ எருமை பார்த்ததுன்னு எழுதினீங்களே" என்று பேச்சு வாக்கில் வரும். பிரிட்டோவுக்கு அப்படி வரவில்லை. எழுத்து நடையில், நிறுத்தக் குறியோடு, மூன்று வாக்கியம் அப்படியே வந்தது. அவள் வெட்டி அழித்து நாலு மாதமாகிவிட்ட வாக்கியங்கள். எழுதிய அவளுக்கே "வேறு யாரும் இல்லாததால்" மறந்துபோயிருந்தது. ஒரே ஒரு முறை படித்தவருக்கு எப்படி?

அவள் சேவையைத் திறந்து முதல் பிரதியின் தடத்தைத் தேடி எடுத்தாள். எழுத்துகள் இல்லை, வெள்ளைத் திரையில் கோடுகள் மட்டும். இதுவரை அவள் கோடுகளைப் பார்த்ததே கிடையாது. உடம்பிலேயே தெரிகிறதைப் படத்தில் எதற்குப் பார்க்க வேண்டும்? தினமும் நோயாளிகளுக்குப் பார்க்கும் அதே கோடுகள். கண் எத்தனையாவது சொல்லில், தொண்டை எத்தனையாவது சொல்லில், கீழே நாடி.

நாடி குளத்துத் தண்ணீர் மாதிரி சமமாக இருந்தது. மூச்சைப் பிடித்து, உட்கார்ந்து, பழக்கி எடுத்த சமம். இயல்பாக யாருக்கும் அப்படி இருக்காது. அவள் கண் மேலே போயிற்று.

தொண்டை முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கண் எங்கோ பின்னால், பேட்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

பேருந்து நிலையக் கதையின் தடத்தைத் திறந்தாள். கண் முன்னால், தொண்டை பின்னால். மின்விசிறிக் கதையிலும் அப்படியே. ஆம்புலன்ஸ், கடல், சாப்பிட்டியா, எல்லாவற்றிலும் ஒழுங்காகக் கண்தான் முன்னால். இந்த முதல் பிரதியில் மட்டும்தான் தொண்டை முந்தியிருந்தது.

திரையின் ஓரத்தில் 'புகார்' என்று ஒரு பொத்தான் இருந்தது. முதல் வாசிப்பைத் திருடியது நிரூபணமானால் வாசகருக்கு வேலை போய்விடும், வேறு எங்கும் கிடைக்காது. அவள் அந்தப் பொத்தானைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

அவர் உடனே எடுத்தார். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"பிரிட்டோ சார், அந்தப் பக்கத்தைப் பட்டை கட்டுததுக்கு முன்னாடி எத்தனை தடவை படிச்சீங்க?"

அவருடைய பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"உங்க தொண்டை கண்ணை முந்திக்கிட்டு ஓடுது. எங்ககிட்ட ஒரு கண்டக்டர் அண்ணாச்சி இருக்காரு, அவரும் இதே திருட்டுத்தனத்துலதான் மாட்டினாரு."

"எண்ணல மேடம்" என்றார் கடைசியில். "எண்ணத் தோணல. புகார் கொடுக்கப் போறீங்களா?"

"மொதல்ல ஏன்னு சொல்லுங்க."

"சொன்னா சின்னப்பிள்ளைத்தனமா இருக்கும்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் பல வருஷமா எதைப் படிச்சாலும் பட்டையோடதான் படிக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தா அது யாரோ ஒருத்தருக்கு மணிக்கட்டுல ஒரு இறுக்கம். அழுகை வந்தா கழுத்துல ஒரு அழுத்தம். வந்த சூட்டோட அனுப்பிடணும். ஒப்பந்தம் முடிஞ்சா அவங்களும் போயிடுவாங்க, நம்பர்கூட இருக்காது. படிச்சதுன்னு சொல்லிக்க என்கிட்ட எதுவுமே மிச்சம் இல்ல, புரியுதா? உங்க பக்கத்துல மொத ரெண்டு வரி படிச்சேன். கழட்டி வெச்சிட்டேன். பட்டை, கண்ணாடி, வில்லை எல்லாத்தையும். இந்த ஒண்ணு எனக்கே எனக்குன்னு இருக்கட்டும்னு தோணிப்போச்சு."

"பொறவு?"

"பிறகு தடம் அனுப்பணுமே. கட்டிக்கிட்டு உக்காந்தா மொத வார்த்தையிலயே நாடி எகிறுது. இவ்வளவு முன்னாலயே ஏன் எகிறுதுன்னு நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. அதனால மூச்சை அடக்கி அடக்கி, மரக்கட்டையா ஆகி, அப்புறம்தான் படிச்சேன். நல்லா இருக்கு, தொடாதீங்கன்னு வாயால சொன்னேன். நீங்க வாயை நம்பல."

அவள் ஆயுசு முழுக்கப் பேச்சைத் திருப்பிக் கொடுக்கிற வேலை பார்த்தவள். ஒரு மனிதர் வாயைத் திறந்து சொன்னதை நம்பாமல் ஒரு வாரை நம்பியிருக்கிறாள். அதை நம்பி, நயினார் வாயில் அவர் சொல்லாததை வைத்தாள்.

"என்கிட்ட அந்தப் பக்கம் இல்லை" என்றாள்.

"தெரியும். வெட்டினதை வெச்சுக்காதீங்கன்னு சொன்னவனே நான்தானே."

"உங்ககிட்ட?"

"பேப்பர்ல இல்ல."

செண்பகவல்லி பேனாவைத் தேடி எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். "சொல்லுங்க தம்பி" என்றாள். "நான் எழுதிக்கிடலை. கேக்கேன்."

அந்தத் 'தம்பி' அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தார். அன்று ஞாயிறு, ஐஸ் ஆலையில் காலை வேலை முடிந்து சத்தம் நின்றிருந்தது. அவர் சொல்லத் தொடங்கினார். பூட்டு வந்தது, குடை வந்தது. எருமை வந்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது. தான் எழுதியதை இன்னொரு தொண்டை சொல்லி அவள் கேட்பது அதுதான் முதல்முறை. அவளுக்கு அது முதல் வாசிப்பு மாதிரியே இருந்தது.

"'இன்னைக்குப் போதும் என்றேன் நான். அவர்...'" பிரிட்டோ நிறுத்தினார். "இங்கதான் அக்கா ஒரு சிக்கல்."

"என்ன?"

"எனக்குத் தெரியாத சரின்னு எழுதிட்டீங்க. எப்படிச் சொன்னாருன்னு எழுதல. அது மண்டைக்குள்ள கிடந்து குடையுது. நான் இங்க தனியாத்தானே கெடக்கிறேன். சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். கீழ்வீட்டு ஆயா, யாரோடப்பா எந்நேரமும் சரி சரின்னு ஒத்துப்போறேன்னு கேக்குது."

"சொல்லிக் காட்டுங்க."

"போன்லயா?"

"எனக்குக் காது போதும்."

"சரி" என்றார் அவர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லை. அது சீனி பத்தலைங்கிற சரி."

இன்னொன்று சொன்னார்.

"மழை வருது, ஜன்னலைச் சாத்துங்கிற சரி."

இன்னொன்று.

"ஒத்துக்கிடலைங்கிற சரி. அடிக்கடி சொல்வாரு." அவள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நோயாளிகளிடம் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது. "அவசரமே இல்லை. மூச்சை எடுத்துக்கிடுங்க. தோளைத் தளத்துங்க. இன்னொரு தடவை."

எத்தனையோ சொல்லிப் பார்த்தார். சில கிட்டத்தில் வந்தன, சில ஊர் எல்லையைக்கூடத் தொடவில்லை. ஒன்றுக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நயினாருக்குக் கோபம் வந்தால் அச்சு அசல் அதுதான் என்றாள். அவருக்குத் தொண்டை கட்டத் தொடங்கியது அவள் காதுக்குத் தெரிந்தது. கட்டிய தொண்டையை வேலை வாங்கக் கூடாது என்பது அவள் படித்த முதல் பாடம்.

"விடுங்க தம்பி" என்றாள். "இன்னைக்குப் போதும்."

"சரி" என்றார் பிரிட்டோ.

அதே ராகம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பட்டை மேசையின் மேல் சுருண்டு கிடந்தது.

"இப்ப சொன்னீங்களே, என்ன நெனைச்சுச் சொன்னீங்க?"

"இப்பவா? இது பயிற்சி இல்லக்கா, சும்மா சொன்னேன். ஒண்ணும் நெனைக்கல."

"இல்லை. ஏதோ நெனைச்சீங்க."

போன் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாறும் சரசரப்பு கேட்டது.

"நாளைக்கும் கூப்பிடுவீங்கதானேன்னு நெனைச்சேன்" என்றார்.

செண்பகவல்லி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எதிரே நயினாரின் படம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்பிடுதேன்" என்றாள்.